இரண்டு சிபியூ கூடக் கொடுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை

கிளிநொச்சியில் நான் பார்த்துக்கொள்ளும் கணினி லேபில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் பயிற்சி விடைகளை அனுப்புகிறார்கள். அவற்றை ஓட்டிப் பார்த்துப் புள்ளி போடும் சேர்வர், அலுவலக மூலையில் கிடக்கும் ஒரு பழைய பெட்டிக்குள் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது மென்பொருளாலேயே ஆன ஒரு கணினியாக ஓடுகிறது. அதற்குக் கொடுத்திருந்தது இரண்டே இரண்டு சிபியூ. திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, நின்றபாடில்லை. லேபில் உதவிக்கு நிற்கும் தம்பி ஓடி வந்தான்.

“அண்ணை, பெடியள் கத்துறாங்கள். மெஷினை நிப்பாட்டாமல் இன்னும் ரெண்டு சிபியூ குடுக்கேலாதோ?”

“குடுக்கலாம். பொறு.”

ஒரு வரிக் கட்டளைதான். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. குடுத்தாச்சு என்றேன். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தான். “அண்ணை, இன்னும் அப்பிடியேதான் கிடக்கு.”

கட்டளை வேலை செய்திருந்தது, சிபியூவும் வந்திருந்தது. ஆனால் வந்த சிபியூ பிள்ளைகளின் வேலையைத் தொடவே இல்லை. வந்ததற்கும் தொட்டதற்கும் நடுவில் எத்தனை படலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் யார் திறக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்குச் சிபியூ சேர்ப்பது பற்றி இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் முதல் படலையோடு நின்றுவிடுகின்றன.

முதலில், அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம். கியூஎமு என்பது ஒரு எமுலேட்டர். பிரான்சைச் சேர்ந்த ஃபப்ரிஸ் பெல்லார் 2003-இல் வெளியிட்டது. இல்லாத ஒரு கணினியை இருப்பதுபோல மென்பொருளாலேயே நடித்துக் காட்டுவது அதன் வேலை. சிபியூ, டிஸ்க், நெட்வேர்க் கார்ட், இன்று யாரும் தொடாத ஃப்ளொப்பி டிரைவ் வரைக்கும் எல்லாம் நடிப்பு. ஒவ்வொரு இயந்திரக் கட்டளையையும் மொழிபெயர்த்து ஓட்டினால் மெதுவாகத்தான் இருக்கும். 2005-06 காலத்தில் இன்டெலும் ஏஎம்டியும் தங்கள் சிப்புகளிலேயே மெய்நிகராக்க வசதியைக் கொண்டுவந்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம் 2007 பெப்ரவரியில், லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் 2.6.20 பதிப்போடு வந்தது. அன்றிலிருந்து கியூஎமு சாமான்களை நடிக்கும், சிபியூ வேலையை மட்டும் உண்மையான சிப்பே செய்யும். லினக்ஸ் சேர்வர்களில் மெய்நிகர் இயந்திரம் ஓட்ட இன்று பரவலாக இருப்பது இந்தச் சோடிதான். லிப்வர்ட் என்பது இவை இரண்டுக்கும் மேலே இருந்து கட்டளை வாங்கிக் கொடுக்கும் நிர்வாகக் கருவி.

இதில் ஒரு மெய்நிகர் சிபியூ என்பது என்ன? ஹோஸ்டில், அதாவது அந்தப் பழைய பெட்டியின் சொந்த லினக்ஸில் இருந்து பார்த்தால், அது கியூஎமுவின் ஒரு த்ரெட், ஒரு நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை. அவ்வளவுதான். ‘டொப்’ கட்டளையை த்ரெட் காட்டும்படி ஓட்டினால் ‘சிபியூ 0/கேவிஎம்’, ‘சிபியூ 1/கேவிஎம்’ என்று பெயரோடு வரிசையில் நிற்கும். அன்று நான் கட்டளை கொடுத்ததும் ‘சிபியூ 2/கேவிஎம்’, ‘சிபியூ 3/கேவிஎம்’ என்று இரண்டு புதிய வரிகள் முளைத்தன. முதல் இரண்டும் நூறு வீதத்தில் மூச்சுத் திணற, புதியவை இரண்டும் பூச்சியத்தில் நின்றன. வேலைக்கு வந்த ஆட்கள் வாசலிலேயே நிற்பதுபோல.

த்ரெட் ஒன்றைப் புதிதாக உண்டாக்குவது கியூஎமுவுக்குப் பெரிய விசயமே இல்லை. கேர்னலைப் பார்த்து எனக்கு இன்னொரு சிபியூ வேண்டும் என்று ஓர் அழைப்பு விட்டால் முடிந்தது. கஷ்டமெல்லாம் உள்ளே ஓடும் ஓஎஸ்ஸுக்கு அதைத் தெரியப்படுத்துவதில்தான். பள்ளிக்கூடப் புத்தகம் இதைப் பணிசெயல் முறைமை என்று சொல்லும். லேபில் அப்படிச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதனால் ஓஎஸ் என்றே எழுதுகிறேன். உள்ளே இருக்கும் ஓஎஸ்ஸுக்குத் தான் ஒரு நடிப்புக் கணினியில் இருப்பது தெரிந்தாலும், அது நடந்துகொள்வது உண்மையான கணினியில் நடந்துகொள்வதுபோலத்தான். உண்மையான கணினியில் சிபியூவின் எண்ணிக்கை நடுவில் மாறாது. பெரிய நிறுவனங்களின் ராட்சத சேர்வர்களில் மட்டும் பலகையோடு கழற்றி மாட்டும் வசதி இருந்தது. அந்தச் சேர்வர்களுக்காக எழுதிய விதிகளைத்தான் கியூஎமு இரவல் வாங்கியிருக்கிறது. யாரோ ஒருவர் பெட்டியைத் திறந்து புதுச் சிபியூவை அழுத்திச் செருகியதுபோல அது நடிக்கிறது.

தூணில் விட்ட கம்பி

வன்னியில் வீட்டுத்திட்ட வீடுகள் கட்டியபோது பலர் ஒரு காரியம் செய்தார்கள். கையில் இருக்கும் காசுக்கு இரண்டு அறைதான் கட்ட முடியும். ஆனாலும் பின்னுக்கு ஒரு விறாந்தை இறக்குவோம் என்று தூணில் கம்பியை நீட்டி விட்டுவிடுவார்கள். கம்பி விட்ட வீட்டில் பிறகு கட்டலாம். விடாத வீட்டில் சுவரை உடைக்க வேண்டும்.

சிபியூ விசயமும் இதேதான். இயந்திரத்தைத் தொடக்கும்போதே, இப்போது எத்தனை, ஆகக்கூடியது எத்தனை என்று இரண்டு எண்ணிக்கைகள் கொடுக்க வேண்டும். கியூஎமுவின் கட்டளையில் ‘எஸ்எம்பி’ என்ற தெரிவுக்குள் ‘மேக்ஸ்சிபியூஸ்’ என்று வருவது அந்த இரண்டாவது எண். லிப்வர்ட் கோப்பில் மொத்த எண்ணிக்கை ஒரு இடத்திலும் தற்போதைய எண்ணிக்கை ‘கரன்ட்’ என்ற பண்பிலும் இருக்கும். இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் விட்டால் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு சிபியூகூட ஏறாது. நிறுத்தி, எண்ணை மாற்றித் தொடக்குவது ஒன்றே வழி. ஓடும் இயந்திரத்தில் சேர்ப்பது என்று நாம் சொல்வது, உண்மையில் முதலே ஒதுக்கி வைத்த இடத்தில் ஆளைக் கொண்டுவந்து இருத்துவதுதான்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? இயந்திரம் எழும்பும்போது அதன் ஃபேர்ம்வெயர், அதாவது ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள், ஓஎஸ்ஸிடம் ஏசிபிஐ என்ற விதிப்படி சில அட்டவணைகளைக் கொடுக்கும். அதில் ஒன்று சிபியூப் பட்டியல். இருக்கும் சிபியூக்களும் அதில் உண்டு, இனிமேல் வரக்கூடிய சிபியூக்களும் ‘இப்போது இயங்கவில்லை’ என்ற அடையாளத்தோடு உண்டு. லினக்ஸ் அந்தப் பட்டியலை எண்ணி, வரக்கூடிய ஒவ்வொரு சிபியூவுக்கும் தனக்கான நினைவகப் பகுதியை எழும்பும் நேரத்திலேயே ஒதுக்கிவிடுகிறது. பிறகு அந்தத் தொகையைக் கூட்டுவதற்கு அதனிடம் வழி இல்லை. எழும்பும்போது வரும் செய்திகளில் ‘நாலு சிபியூக்கு இடம், அதில் இரண்டு பிறகு செருகுவதற்கு’ என்ற பொருளில் ஒரு வரி ஓடும். நான் பல வருடம் அந்த வரியைக் கவனித்ததே இல்லை.

சரி, அப்படியானால் ஆகக்கூடியதை இருநூறு என்று போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே என்று தோன்றும். தீராது. வராத சிபியூக்கும் உள்ளே நினைவகம் போகிறது. சிப்பைச் செருகும் சொக்கெட், சிப்புக்குள் இருக்கும் கோர், ஒரு கோர் ஒரே நேரத்தில் ஓட்டும் த்ரெட் என்று மூன்றின் எண்ணிக்கையையும் குறிப்பிட்டால் அவற்றின் பெருக்குத்தொகை ஆகக்கூடிய எண்ணோடு சரியாகப் பொருந்தவும் வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரம் தொடங்கவே மறுக்கும். தேவைக்கு இரண்டு மடங்கு, அதுவும் ஹோஸ்டின் கோர் எண்ணிக்கையைத் தாண்டாமல். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு அது.

செருகும்போது நடப்பது

கியூஎமுவிடம் நேரடியாகப் பேசுவதானால் முதலில் ‘செருகக்கூடிய சிபியூக்கள் எவை’ என்று கேட்க வேண்டும். அது காலியான இடங்களை சொக்கெட் இலக்கம், கோர் இலக்கம், த்ரெட் இலக்கம் என்று சொல்லும். அதில் ஒன்றைத் தெரிந்தெடுத்து, ஒரு சாதனத்தைச் சேர்க்கும் பொதுக் கட்டளையாலேயே சிபியூவையும் சேர்க்கலாம். யூஎஸ்பி பென் ஒன்றைச் செருகும் அதே கட்டளை. முன்பு இப்படி இல்லை. 2013-இல் வந்த 1.5 பதிப்பில் ‘சிபியூ-ஆட்’ என்று தனிக் கட்டளை இருந்தது. ஒரு இலக்கத்தைக் கொடுத்தால் போதும். எந்த சொக்கெட், எந்தக் கோர் என்று சொல்ல அதில் இடமில்லை. 2016-இல் 2.7 பதிப்போடு புதிய முறை வந்து, பழையது 5.2 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது. இன்றும் பழைய குறிப்பைப் பார்த்து அதை அடித்துவிட்டு, கட்டளை இல்லை என்கிறதே என்று தலையைச் சொறிபவர்கள் இருக்கிறார்கள். லிப்வர்ட் ஊடாகப் போனால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ‘விர்ஷ்’ கட்டளையில் இயந்திரத்தின் பெயரையும் புதிய எண்ணிக்கையையும் சொன்னால் இடத்தை அதுவே தெரிந்துகொள்ளும்.

த்ரெட் உண்டானதும் கியூஎமு உள்ளே இருப்பவருக்கு மணி அடிக்கிறது. ஏசிபிஐக்கென்று ஒரு இன்டரப்ட், அதாவது ஓடும் வேலையை இடைமறிக்கும் சமிக்ஞை, இருக்கிறது, அது எழும்பும். ஓஎஸ் என்னவென்று பார்க்கும். எழும்பும்போது ஃபேர்ம்வெயர் கொடுத்த அட்டவணைகளில் வெறும் பட்டியல் மட்டுமல்ல, சின்னஞ்சிறு நிரல்களும் இருந்தன. கியூஎமுவே எழுதிக் கொடுத்தவை அவை. இப்போது லினக்ஸ் அந்த நிரலை ஓட்டுகிறது. நிரல், கியூஎமு திறந்து வைத்திருக்கும் ஒரு சிறிய சாளரத்தினூடாக, புதிதாக வந்தது யார் என்று ஒவ்வொரு சிபியூவாகக் கேட்டுப் பார்க்கும். மூன்றாவதும் நாலாவதும் என்று பதில் வரும். உடனே லினக்ஸ் அவற்றின் அடையாள இலக்கத்தை வாங்கி, வந்தவர்கள் பட்டியலில் பதிந்துகொள்ளும்.

பதிவதோடு சரி. எழுப்புவது வேறு வேலை. எழுப்பும்போது ஏற்கெனவே ஓடும் சிபியூ ஒன்று புதியதற்கு இரண்டு வகைச் சமிக்ஞைகள் அனுப்பும். ஒன்று, உன்னை முதல் நிலைக்குக் கொண்டுபோ என்பது. மற்றது, இந்த முகவரியில் இருந்து ஓடத் தொடங்கு என்பது. அப்போது அந்தச் சிபியூ கண் விழிப்பது 16-பிட் நிலையில், 1978-இல் வெளியான 8086 சிப் எப்படி இருந்ததோ அப்படி. அங்கிருந்து 32-பிட், பிறகு 64-பிட் என்று இத்தனை வருட வரலாற்றையும் ஒரு கணத்தில் ஏறி வந்துதான் மற்றச் சிபியூக்களோடு சேர்கிறது. இல்லாத ஒரு சிபியூ இவ்வளவு சடங்கும் செய்ய வேண்டியிருப்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான் வரும்.

எங்கள் சேர்வர் தடக்கியது இந்த இடத்தில். லினக்ஸில் ‘இருக்கக்கூடியவை’, ‘இருப்பவை’, ‘ஒன்லைனில் உள்ளவை’ என்று சிபியூக்களுக்கு மூன்று தனிப் பட்டியல்கள். உள்ளே போய் ‘எல்எஸ்சிபியூ’ அடித்தபோது ஒன்லைன் என்ற வரியில் 0, 1. ஒஃப்லைன் என்ற வரியில் 2, 3. வந்துவிட்டார்கள், யாரும் எழுப்பவில்லை. சில லினக்ஸ் விநியோகங்களில் புதிய சிபியூ வந்ததும் தானே எழுப்பிவிடும் யூடெவ் விதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. எங்களுடையதில் இல்லை. ‘சிஸ்’ அடைவுக்குள் ஒவ்வொரு சிபியூவுக்கும் ‘ஒன்லைன்’ என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். இரண்டு கோப்பிலும் 1 என்று எழுதினேன். ஹோஸ்ட் திரையில் பூச்சியமாக நின்ற இரண்டு வரியும் ஒன்று, இரண்டு வீதம் என்று கொஞ்சம் அசைந்தன.

கொஞ்சம்தான். பெடியள் கத்துவது நிற்கவில்லை.

அடுத்த படலை பயன்பாட்டு நிரல். பெரும்பாலான நிரல்கள் தாங்கள் தொடங்கும் நேரத்தில் ஒருமுறை மட்டும், எத்தனை சிபியூ இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கின்றன. எண்ணி, அத்தனை வேலையாட்களை வைத்துக்கொள்கின்றன. எஞ்ஜின்எக்ஸ் வெப் சேர்வரில் வேலையாட்கள் எண்ணிக்கையை ‘ஓட்டோ’ என்று விட்டால் நடப்பது அது. பைத்தனில் வேலையாட்களாக நிற்கும் ப்ரொசெஸ்களின், அதாவது தனித்தனியே ஓடும் நிரல்களின், தொகுப்பும் அதை உண்டாக்கும் நேரத்து எண்ணிக்கையையே பிடித்துக்கொள்ளும். ஜாவாவின் ஆவணமோ சிபியூ எண்ணிக்கை ஓடும்போது மாறலாம், அவ்வப்போது கேட்டுப் பாருங்கள் என்று நிரல் எழுதுபவருக்கே புத்தி சொல்கிறது. எத்தனை பேர் கேட்கிறார்கள்? எங்கள் புள்ளி போடும் நிரல் பைத்தனில் எழுதியது. இரண்டு சிபியூ இருந்த காலத்தில் தொடங்கி, இரண்டு வேலையாளோடு நின்றது. நாலாக்கினாலும் எட்டாக்கினாலும் அதற்குத் தெரியாது. அந்த ஒரு சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு சில விநாடி. ஹோஸ்டில் நாலு வரியும் மேலே ஏறின. “இப்ப ஓடுது அண்ணை” என்று லேபில் இருந்து குரல் வந்தது.

போஸ்ட்கிரெஸ் போல ஒவ்வொரு இணைப்புக்கும் தனி ப்ரொசெஸ் வைக்கும் டேட்டாபேஸ்களில் இந்தத் தொல்லை குறைவு. ப்ரொசெஸ்களை எந்தச் சிபியூவில் போடுவது என்பதைக் கேர்னல் பார்த்துக்கொள்ளும். சிபியூ வந்த அடுத்த கணமே அவற்றுக்குப் பலன் கிடைத்துவிடும்.

குளத்துத் தண்ணீர்

வெற்றி கண்ட உற்சாகத்தில் அன்று பின்னேரமே இயந்திரத்தை நிறுத்தி, ஆகக்கூடியதை எட்டாக்கி, எட்டையும் கொடுத்தேன். அந்தப் பெட்டியில் உண்மையில் இருப்பது நாலு கோர். ஒவ்வொரு கோரும் இரண்டுபோலக் காட்டிக்கொள்வதால் எட்டு என்று தெரியும். அதே பெட்டியில் கணக்கு வேலைக்கென்று இன்னொரு மெய்நிகர் இயந்திரமும் ஓடுகிறது.

அடுத்த வகுப்பில் சேர்வர் நாலு சிபியூவோடு ஓடியதைவிட மெதுவாக ஓடியது.

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பெரும்போகத்துக்கு மழை உண்டு. சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கும் தண்ணீர்தான். அதனால் ஒவ்வொரு வருடமும் விதைப்புக்கு முதல் கூட்டம் வைக்கிறார்கள். நீர்ப்பாசனத் திணைக்களம், மாவட்டச் செயலகம், கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் இருந்து, குளத்தில் இத்தனை அடி நிற்கிறது, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுத்துப் பங்கு பிரிக்கிறார்கள். அந்தப் பங்குக்கு மேலே யாராவது களவாக விதைத்தால் குளத்தில் தண்ணீர் கூடாது. வாய்க்காலின் கடைசியில் இருப்பவனின் வயல் காயும். சில வேளை எல்லாருடையதும் காயும்.

மெய்நிகர் சிபியூ என்பது ஏக்கர். கோர்தான் தண்ணீர். ஹோஸ்டில் த்ரெட் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம், எட்டுபோலத் தெரிந்தாலும் உண்மையில் வேலை செய்யும் கோர் நாலுதான், அதிலும் கணக்கு இயந்திரத்துக்குப் பங்கு உண்டு. இடம் கிடைக்காமல் காத்திருக்கும் நேரத்தை உள்ளே இருக்கும் லினக்ஸ் அளந்து காட்டும். ‘டொப்’ திரையில் சிபியூ வரியின் கடைசியில் ‘எஸ்டி’ என்று இரண்டெழுத்தோடு நிற்பது அது. ஸ்டீல், திருட்டு. நான் ஓடத் தயாராக நின்றேன், என் நேரத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று உள்ளே இருப்பவர் போடும் முறைப்பாடு. நாலு சிபியூவோடு ஓடியபோது ஒன்றுக்குக் கீழே இருந்த எண், அன்று இருபதைத் தாண்டியது.

வெறுமனே காத்திருப்பது மட்டும் என்றால் நாலு சிபியூவோடு ஓடிய வேகமாவது கிடைத்திருக்க வேண்டும், ஏன் இன்னும் மெதுவாகியது? பூட்டுகளால். கேர்னலுக்குள் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடக்கூடிய பொருட்கள் பல உண்டு. அதைத் தொடுபவர் பூட்டைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் சுழன்றுகொண்டு நிற்பார்கள். உண்மையான சிபியூவில் பூட்டுப் பிடிப்பது கண் இமைக்கும் நேரம். இங்கே பூட்டைப் பிடித்த சிபியூவையே ஹோஸ்ட் பாதியில் இறக்கிவிட்டு வேறு த்ரெட்டை ஏற்றிவிடலாம். பம்பு அறைச் சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்தவன் தூங்கப் போனதுபோல. அவன் திரும்பி ஏறும்வரை மற்றச் சிபியூக்கள் நூறு வீத வேகத்தில் ஒன்றுமே செய்யாமல் சுழலும். இதைக் குறைக்க லினக்ஸும் கேவிஎம்மும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உத்திகள் உண்டு, முழுதாகத் தீர்வதில்லை. நாலுக்கு இறங்க முடிவெடுத்தேன்.

இறக்குவது ஏற்றுவதைவிடக் கஷ்டம். செருகும்போது கியூஎமு கட்டளை இடுகிறது. கழற்றும்போது அது கேட்கத்தான் முடியும். அந்தச் சிபியூவில் ஓடும் வேலைகளை வேறிடத்துக்கு மாற்றி, இன்டரப்டுகளை நகர்த்தி, அதை ஒஃப்லைன் ஆக்கி, இனி எடுத்துக்கொள் என்று உள்ளே இருக்கும் ஓஎஸ்தான் சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால் சிபியூ இருந்த இடத்திலேயே இருக்கும். கியூஎமுவின் ஆவணமே இதைக் கட்டளை என்று சொல்லாமல் வேண்டுகோள் என்றுதான் சொல்கிறது. ஓஎஸ் இன்னும் எழும்பாத நேரத்தில் கேட்டால் அந்த வேண்டுகோளைக் கேட்க அங்கே ஆளே இல்லை. விண்டோஸ் சேர்வர் புதிய சிபியூவை வாங்கிக்கொள்ளும், திருப்பித் தராது. பூச்சியமாவது சிபியூவை எடுக்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம்; இயந்திரம் எழும்பியதே அதில்தான்.

இன்னொரு விசயம் எனக்குப் பிடித்தது. கேவிஎம்மில் மெய்நிகர் சிபியூவை உண்டாக்கும் அழைப்பு உண்டு, அழிக்கும் அழைப்பு இல்லை. கழற்றிய பிறகும் கேர்னலுக்குள் அது இருக்கும். கியூஎமு அதை ஓர் ஓரத்தில் நிறுத்தி வைத்து, பிறகு அதே இடத்துக்குச் சிபியூ கேட்டால் புதிதாக உண்டாக்காமல் நிறுத்தி வைத்ததையே எடுத்துக் கொடுக்கும்.

கரண்ட் போன பிறகு

நாலுதான் சரி என்று தெரிந்ததும் ஆகக்கூடியது நாலு, தொடங்கும்போது இரண்டு என்று பழையபடி வைத்து, வகுப்பு நேரத்தில் இரண்டைச் செருகி வந்தோம். அப்படியே விட்டிருந்த ஒரு நாள் கரண்ட் போனது. யூபிஎஸ் பத்து நிமிடம் பிடித்தது, அப்புறம் அதுவும் போனது. திரும்பி வந்தபோது சேர்வரில் இரண்டு சிபியூ.

ஓடும் இயந்திரத்தில் செய்யும் மாற்றம் அந்த ஓட்டத்துக்கு மட்டும் உரியது. உள்ளே இருந்து ரீபூட் செய்தால் போகாது, ஏனென்றால் வெளியே கியூஎமு ப்ரொசெஸ் சாகவில்லை. எழும்பும் ஓஎஸ் நாலையும் பார்க்கும், அதுவும் செருகிய தடயமே இல்லாமல், முதலில் இருந்தே இருந்ததுபோல. ஆனால் ஹோஸ்ட் விழுந்தால் கியூஎமுவும் சேர்ந்து விழும். அடுத்த முறை அது கோப்பைப் பார்த்துத்தான் தொடங்கும், கோப்பிலோ இரண்டு. லிப்வர்டில் ‘லைவ்’, ‘கொன்ஃபிக்’ என்று இரண்டு தெரிவுகள் இருப்பது இதற்காக. முதலாவது ஓட்டத்தை மாற்றும், இரண்டாவது கோப்பை மாற்றும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊரில் எழுதப்படும் வழிகாட்டிகள் இதை ஒரு அடிக்குறிப்பாகத்தான் சொல்கின்றன. 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில் அது அடிக்குறிப்பு அல்ல. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால்தான் என்று அமைச்சர் சொன்னார். சேர்வர் அமைப்பைத் திட்டமிடும்போது குரங்கையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

புதுப்பெட்டி வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள், 2022-இல் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்றறுபது வரைக்கும் போன மாதங்களில் ஒரு மெமரி கார்ட்டுக்காவது விலை கேட்டிருக்கமாட்டார்கள்.

எங்கள் லேபுக்குத் தேவைப்படாத, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சிக்கலும் உண்டு. நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்ப விடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வைத்த இயந்திரங்களில் ஃபேர்ம்வெயர் தனக்கென்று ஒரு ஒளிந்த நிலையை வைத்திருக்கும். ஓஎஸ்கூட அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு சிபியூவும் அந்த நிலைக்கு முதல்முறை போகும்போது, எல்லாருக்கும் தெரிந்த ஒரே முகவரியில் உள்ள நிரலைத்தான் ஓட்டும். அந்த முகவரியோ சாதாரண நினைவகத்தில் இருக்கிறது. இயந்திரம் எழும்பும்போது ஃபேர்ம்வெயர் தனியே இருப்பதால் பயமில்லை. ஓடும்போது புதுச் சிபியூ பிறந்தால், கேர்னலைக் கைப்பற்றிய ஒருவன் அந்த முகவரியில் தன்னுடைய நிரலை எழுதி வைத்துக் காத்திருக்கலாம். பிறந்த குழந்தை முதலில் கேட்பது கள்வனின் பேச்சாகிவிடும். அதனால் ஓஎஸ்ஸுக்கு மணி அடிப்பதற்கு முன்பே ஃபேர்ம்வெயரைக் கூப்பிட்டு, புதியவனுக்கு வேறு பாதுகாப்பான முகவரி கொடுக்கும்படி கியூஎமுவையும் அதன் யூஈஎஃப்ஐ ஃபேர்ம்வெயரான ஓவிஎம்எஃப்பையும் 2020-இல் சேர்ந்து திருத்தினார்கள். சிபியூவைச் செருகுவது ஒரு எண்ணை மாற்றும் வேலை இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த உதாரணம் இது.

கைபேசிகளில் காணும் ஆர்ம் வகைச் சிப்புகளில் கதையே வேறு. அங்கே உண்மையான சிபியூவைக் கழற்றி மாட்டும் விதியே கிடையாது, நடித்துக் காட்ட மூலம் இல்லை. இன்டரப்ட் கொன்ட்ரோலரும் எல்லாச் சிபியூவையும் தொடக்கத்திலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும். அதனால் எல்லாச் சிபியூவும் முதலே இருப்பதாகக் காட்டிவிட்டு, சிலவற்றுக்கு மட்டும் ‘இப்போது அனுமதி இல்லை’ என்று சொல்லி, பிறகு அனுமதியைத் திறக்கிறார்கள். உள்ளே ஓடும் லினக்ஸ் அதைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது 2024-இல் வந்த 6.11 கேர்னலில்.

இப்போது எங்கள் கோப்பில் ஆகக்கூடியது நாலு, தொடக்கமும் நாலு. கணக்கு இயந்திரம் பின்னேரத்தில்தான் ஓடுகிறது, காலையில் தண்ணீர் முழுக்க லேபுக்கு. யூடெவ் விதி ஒன்றும் எழுதிப் போட்டுவிட்டேன். போன கிழமை தம்பி மறுபடியும் வந்தான்.

“அண்ணை, ஏ/எல் பெடியளுக்கும் இதிலையே பயிற்சி வைக்கப் போறாங்களாம். இன்னும் நாலு குடுப்பமோ?”

“முதல்ல எஸ்டி என்ன காட்டுது, பார்த்துச் சொல்லு.”

பார்க்கப் போனான்.